ஆய்வு நாளுக்கு ஒரு பெட்டகம்

டைசன் ஆபர்நேத்தி என் மேசை விளிம்பில் பாதிப் பின்புறத்தை வைத்து உட்கார்ந்தால் ஏதோ அழுக்கு வேலை வருகிறது என்று பொருள். அன்றும் உட்கார்ந்தான். கிருமிநாசினியைக் கையில் தேய்த்துக்கொண்டே பேசினான். அந்த நெடி என் காபிக்குள் இறங்கியது.

“ரெனாட்டா, உங்க பெட்டகம் இருக்கில்ல, அதை வியாழக்கிழமைக்கு எழுப்பிக் குடுத்துடணும். பாதுகாப்பு ஆடிட் வருது.”

“அது வசந்தத்துலேர்ந்து முழிச்சுக்கிட்டுத்தான் இருக்கு. நீங்கதான் யாரையும் அதுகிட்டப் போக விடல.”

“அதைச் சொல்லலங்க. புதுசா ஒண்ணு. பார்த்தா நிறைஞ்சிருக்கிற மாதிரி.”

டைசன் எங்கள் டைரக்டர். என்னைவிடப் பத்து வயது சின்னவன். வேலை ஆக வேண்டுமென்றால் ‘நீங்க’ போடுவான்.

எங்கள் கம்பெனி அமெரிக்காவின் நடுவில், ஒமாஹா நகரத்தில் இருக்கிறது. வீடு வீடாகப் போய் வயசாளிகளைப் பார்க்கிற நர்சுகளுக்குச் செயலி செய்து கொடுக்கிறோம். எந்த வீடு, எந்த மருந்து, எந்த நாய் கடிக்கும் என்பதோடு வாசல் பூட்டின் எண்ணும் அதில் இருக்கும். தனியாகக் கிடக்கும் கிழடுகட்டைகளின் கதவு எண்கள் ஆயிரக்கணக்கில் எங்கள் தரவுத்தளத்தில் கிடக்கின்றன. என் அம்மா லுட்மிலாவின் கதவு எண்ணும் அதில் ஒன்று. அம்மா பாதி ஆயுள் மாட்டுக்கறி ஆலையில் எலும்பு நீக்கும் வரிசையில் நின்றவள். கத்தியை விட்டு எத்தனையோ வருடம் ஆகியும் அவள் விரல்கள் கத்தியைப் பிடித்த மாதிரியே வளைந்து நிற்கின்றன. சாவியைத் திருப்ப முடியாது. அதனால்தான் அவள் வீட்டுக்கு எண் பூட்டு. விரல் முட்டியால் அமுக்கித் திறப்பாள்.

அந்தத் தரவுத்தளத்தின் பாஸ்வேர்டு எங்கே இருந்தது? கம்பெனி குரூப்பில். எல்லோருக்கும் தெரியும்படி, உச்சியில், குத்தி வைத்த செய்தியாக. அந்தக் குரூப்பில் இன்று வேலை செய்கிறவர்கள் மட்டும் இல்லை. ஆறு மாத ஒப்பந்தத்துக்கு வந்து போனவர்கள், திட்டிவிட்டுப் போனவர்கள், போதையில் வந்து துரத்தப்பட்ட ஒருவன், எல்லோரும் இருந்தார்கள். விட்டுப் போகிறவருக்குக் கேக் வெட்டும் வழக்கம் எங்களிடம் உண்டு. குரூப்பிலிருந்து பெயரை எடுக்கும் வழக்கம் கிடையாது.

இதைப் பார்த்துத்தான் நான் வசந்தத்தில் பெட்டகத்தைக் கட்டினேன். அது ஒரு நிரல், அவ்வளவுதான். கறுப்புத் திரையில் கட்டளை தட்டிப் பேச வேண்டும். பாஸ்வேர்டுகளை உள்ளே வைத்துக்கொள்ளும்; யார் நீ என்று கேட்டுத்தான் எடுத்துக் கொடுக்கும்; யார் எப்போது எடுத்தார்கள் என்று குறித்தும் வைக்கும். அதை ஒரு கன்டெய்னருக்குள் ஓட விட்டிருந்தேன். துறைமுகத்து இரும்புப் பெட்டி இல்லை. ஒரு நிரலை அதற்கு வேண்டிய சாமான்களோடு சேர்த்து அடைத்து வைக்கிற மூடிய அறை மாதிரி. அறையை இடித்தால் உள்ளே இருந்ததும் போய்விடும். போகாமல் இருக்க, உள்ளே எழுதுவதையெல்லாம் அறைக்கு வெளியே ஒரு சேமிப்பு வட்டில் சேரும்படி செய்ய வேண்டும். நான் செய்திருந்தேன். அறை எழும்பும்போதெல்லாம் பெட்டகம் பூட்டியபடிதான் எழும்பும். மூன்று பேர் தங்கள் சாவித்துண்டைக் கொடுத்தால்தான் திறக்கும்.

நர்சுகளின் செயலியை மட்டும் முதலில் அதனோடு இணைத்தேன். அது நன்றாக ஓடியது. மற்றதையும் இணைக்கப் போனபோது டைசன் நிறுத்திவிட்டான். கேட்டு வாங்குவதற்குள் நேரம் போகிறது என்று நிரல் எழுதும் பையன்கள் முனகினார்களாம்.

“புதுசுன்னா எப்படி?” என்றேன்.

“பயிற்சி முறைன்னு ஒண்ணு இருக்காமே. பூட்டு இல்ல, மூணு பேர் வேணாம், உடனே எழும்புமாமே. அதுல எல்லா சிஸ்டம் பேரையும் போட்டு, ஏதாச்சும் எழுத்தை நிரப்பி வச்சா போதும். ஆடிட் பண்ற அம்மா வரும், பாக்கும், போகும்.”

பயிற்சி முறை என்பது கற்றுக்கொள்கிறவர்களுக்கானது. எல்லாவற்றையும் நினைவில் மட்டும் வைத்துக்கொள்ளும். அறை விழுந்தால் எல்லாம் போச்சு.

“என்னோட உண்மைப் பெட்டகத்தைக் காட்டுங்களேன்.”

“அதுல ஒண்ணே ஒண்ணுதானங்க இருக்கு. பல்லு விழுந்த வாய் மாதிரி.”

“மத்த பல்லையும் கட்டலாம். ஒரு வாரம் குடுங்க.”

“நேரம் இல்ல. சான்றிதழ்ல கீழ பொறுப்பாளர்னு உங்க பேரு வரும், அழகா இருக்கும்.”

“என் பேரு வராது.”

தேய்த்துக்கொண்டிருந்த கை நின்றது. “யோசிச்சுக்கோங்க. ஜனவரியில ஆள் குறைப்பு இருக்கு. நான் சொல்லணும்னு இல்ல.” எழுந்து போனான். மேசையில் அவன் உட்கார்ந்த இடத்தைத் துடைத்தேன்.

எனக்கு இது புதிதில்லை. பிளாட் ஆற்றங்கரையில், ஆலையை நம்பி இருந்த ஊரில் வளர்ந்தவள் நான். ஆய்வாளர் வருகிறார் என்றால் ஆலையில் வரிசையின் வேகம் பாதியாகும். புது ஏப்ரன் வரும். குழாயைத் திறந்து தரையைக் கழுவுவார்கள். ஆய்வாளர் அலுவலகத்தில் உட்கார்ந்து காபி குடிப்பார், தரை காய்கிற வரைக்கும். அவர் கார் வாசலைத் தாண்டியதும் வேகம் ஏறும், கொழுப்பு வழியும், யாருக்காவது விரல் போகும். நான் படித்து வெள்ளைக் கட்டிடத்துக்கு வந்துவிட்டேன். நாற்றமும் பின்னாலேயே வந்து, கிருமிநாசினி போட்டுக்கொண்டு என் மேசையில் உட்கார்ந்திருந்தது.

வேலை இக்னாசியோவிடம் போனது. இக்னாசியோ பேரியென்டோஸ் என் ஊர்க்காரன், ஒரே பள்ளிப் பேருந்தில் வந்தவன். நாச்சோ என்றுதான் கூப்பிடுவேன். அவன் அப்பா என் அம்மாவுக்கு எதிர்ப் பக்கத்தில் நின்று கறி வெட்டியவர். வண்டி நிறுத்துமிடத்தில் அவனைப் பிடித்தேன். காற்று காதை அறுத்தது.

“நீயாடா அந்தப் பொம்மைப் பெட்டியைச் செய்யப் போற?”

“நான் செய்யலேன்னா இன்னொருத்தன் செய்வான்டி.”

“இன்னொருத்தன் செய்யட்டுமே.”

“உனக்கென்ன, தனிக்கட்டை. என் பொண்டாட்டி எட்டு மாசம். இந்த வேலை போச்சுன்னா இன்சூரன்ஸ் போச்சு. பிரசவத்தைச் சமையல்கட்டுல பாக்கச் சொல்றியா?”

“எங்கம்மா கதவு நம்பர் அதுக்குள்ள இருக்குடா.”

“எங்கப்பா நம்பரும்தான் இருக்கு. யாருடி வரப்போறா? திருட என்ன இருக்கு, பழைய டிவியும் மூட்டு வலித் தைலமும்தான்.” சிரித்தான். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, “உனக்கு வாய் மட்டும் இல்லேன்னா உன்னை நாய் தூக்கிட்டுப் போயிருக்கும். கொஞ்சம் மூடிக்கிட்டு இரு. ஒரு நாள்தானே” என்றான்.

எனக்கு அவன்மேல் கோபம் வரவில்லை. அருவருப்புத்தான் வந்தது. அவன் சொன்னதில் பாதி நியாயம் இருந்ததால் இன்னும் கூடுதலாக வந்தது.

வியாழக்கிழமை ஆடிட்டர் வந்தாள். ஓபல் ஜேடன் என்று பெயர், அறுபதை நெருங்கியவள். பனிக்காலணியைக் கழற்றிப் பையிலிருந்து வேறு செருப்பை எடுத்துப் போட்டுக்கொண்டாள். நல்ல பழக்கம் என்று நினைத்துக்கொண்டேன். ஒருவேளை இவள் பார்ப்பாள் என்றும் நினைத்தேன்.

பெரிய அறை. சுவர்த் திரையில் நாச்சோவின் கறுப்புத் திரை. டைசன் வெளுப்பான பல்லோடு நின்றான். நான் கடைசி நாற்காலியில்.

நாச்சோ கட்டளை தட்டினான். கன்டெய்னர் எழும்பியது. இன்னொன்று தட்டினான். சம்பளம், மருந்து, அறிக்கைகள், நர்ஸ் செயலி என்று எங்கள் சிஸ்டங்களின் பெயர்கள் வரிசையாக இறங்கின. ஒவ்வொன்றின் அடியிலும் நேற்று அவன் கண்ணை மூடிக்கொண்டு தட்டிய எழுத்துக் குப்பை.

“எல்லாமே இதுக்குள்ளதான் இருக்கா?” என்றாள் ஓபல்.

“எல்லாமே. வெளிய ஒரு எழுத்துகூடக் கிடையாது” என்றான் டைசன்.

“நல்லது. மெஷின் நின்னு போச்சுன்னா? திரும்ப எழுப்புனா இதெல்லாம் இருக்குமா?”

“தாராளமா. இக்னாசியோ, காட்டுங்க.”

டைசனுக்குத் தெரியாது. பயிற்சி முறை என்ற சொல்லை யாரிடமோ கேட்டு வந்தவன், அதற்கு என்ன பொருள் என்று கேட்கவில்லை. நாச்சோவுக்குத் தெரியும். அவன் கழுத்து பின்னாலிருந்து சிவந்து வருவதைப் பார்த்தேன். கொஞ்ச நேரம் விசைப்பலகைமேல் விரலை வைத்துக்கொண்டே இருந்தான். பிறகு கன்டெய்னரை நிறுத்தினான். எழுப்பினான். பட்டியல் கேட்டான்.

திரையில் ஒன்றுமில்லை. ஒற்றைக் கோடு துடித்துக்கொண்டிருந்தது.

“நெட்டு கொஞ்சம் மெதுவா இருக்கு இன்னைக்கு” என்றான் டைசன். “பனிதான் காரணம்.”

ஓபல் திரையைப் பார்த்தாள், டைசனைப் பார்த்தாள், நாச்சோவின் கழுத்தையும் பார்த்தாள். எல்லாம் புரிந்த முகம்.

“அப்ப நான் ஒரு காபி குடிச்சிட்டு வந்துடறேன்” என்றாள்.

நான் பின்னாலேயே போனேன். காபி இயந்திரத்தின் முன் நின்று கோப்பையில் பால்பொடியைக் கொட்டிக்கொண்டிருந்தாள்.

“அம்மா, ஒரு நிமிஷம். அங்க பாத்தது பொம்மை. பாஸ்வேர்டு எல்லாம் குரூப்புல தொங்குது. என் போன்ல இருக்கு, இப்பவே காட்டறேன்.” போனை நீட்டினேன்.

அவள் போனைப் பார்க்கவில்லை. வேண்டுமென்றே பார்க்கவில்லை. கண்ணைக் கோப்பைக்குள் வைத்துக்கொண்டாள்.

“நீங்க பொறுப்பாளரா?”

“இல்ல.”

“அப்ப எனக்குக் காட்டாதீங்க. பாத்துட்டா நான் எழுதணும். எழுதினா திரும்ப வரணும், என் ஆபீஸ்ல கேப்பாங்க, உங்க ஆபீஸ்ல கேப்பாங்க. இந்த மாதிரி கருவி ஓடுதான்னுதான் என்னைக் கேட்டிருக்காங்க. ஓடுது. நான் பாத்தேன்.”

“காலியா ஓடுனதைப் பாத்தீங்க.”

“ஓடுனதைப் பாத்தேன்” என்றாள். கரண்டியை நக்கிவிட்டு, அதே கரண்டியைப் பொதுச் சர்க்கரைக்குள் குத்தி வைத்தாள். “நீங்க நல்ல பொண்ணு. ஆனா எனக்கு இன்னும் மூணு வருஷ சர்வீஸ் இருக்கு. சாயங்காலம் வரைக்கும் இங்கதான் உக்காந்து எழுதிக்கிட்டிருப்பேன். அதுக்குள்ள உங்க நெட்டு சரியாயிடும்.”

ஆலை அலுவலகத்தில் காபி குடித்த ஆய்வாளருக்கும் இவளுக்கும் செருப்பு மட்டும்தான் வேறு. கழிப்பறைக்குப் போய்த் துப்பிவிட்டு வந்தேன்.

நான் வருவதற்குள் நாச்சோ பொம்மையை மறுபடி நிரப்பிவிட்டான். ஓபல் பார்த்தாள், தலையாட்டினாள். கைதட்டல். மதியச் சாப்பாடு டைசன் செலவு: பெரிய பாத்திரத்தில் சில்லி என்கிற மாட்டுக்கறிக் குழம்பும், தட்டுத் தட்டாக இலவங்கப்பட்டைச் சுருள் ரொட்டியும். ரொட்டிமேல் சர்க்கரைப் பாகு சளி மாதிரி வழிந்தது. எல்லோரும் விரலைச் சூப்பிக்கொண்டு நின்றார்கள். “வெளிய ஒரு எழுத்துகூடக் கிடையாது” என்று டைசன் தலைமைக்குத் தொலைபேசியில் மறுபடி சொல்லிக்கொண்டிருந்தான்.

அவன் அதைச் சொன்னபோதுதான் எனக்குத் தோன்றியது. இவன் சொன்ன பொய்யை உண்மையாக்கிவிட்டால் என்ன?

என் இடத்துக்குப் போனேன். என் உண்மைப் பெட்டகம் மூலையில் ஒரு கணினியில் சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. கறுப்புத் திரையைத் திறந்து அதன் கன்டெய்னருக்குள் நுழைந்தேன். ஒரே ஒரு கட்டளை போதும். பெட்டகமே தரவுத்தளத்துக்குப் போய்ப் பழைய பாஸ்வேர்டைக் கொன்றுவிட்டு, மனிதக் கண் படாத புதியதை வைத்துவிட்டு வரும். நர்சுகளின் செயலி பெட்டகத்தைக் கேட்டு வாங்கிக்கொள்ளும். அதைக் கேட்காத மற்றதெல்லாம் விழும்.

நர்சுகளின் செயலி விழாது என்று எனக்குத் தெரியும். ஆனால் தெரிவது வேறு, நம்பித் தட்டுவது வேறு. அது விழுந்தால் மாநிலம் முழுக்க நர்சுகள் பனியில், பூட்டிய கதவுக்கு வெளியே நிற்பார்கள். இன்சுலின் உள்ளே போகாது. வியாழக்கிழமை மதியம் அம்மாவுக்கும் நர்ஸ் வரும் நேரம்.

தட்டினேன்.

குரூப் முதலில் அமைதியாக இருந்தது. பிறகு ஒருவன், ‘டேட்டாபேஸ் உள்ள விட மாட்டேங்குது’. இன்னொருவன், ‘எனக்கும்’. ‘அறிக்கை எல்லாம் சிவப்பு’. ‘யார்ரா கை வச்சது’. நான் படிக்கவில்லை. அம்மாவைக் கூப்பிட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. அவள் விரல்களால் போனை எடுப்பதற்கு எப்போதும் நேரம் ஆகும். அன்று அது எனக்குத் தாங்கவில்லை.

“என்னடி இந்த நேரத்துல?”

“நர்ஸ் வந்தாச்சாம்மா?”

“வந்திருக்கா. என் காலைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கா. கை ஐஸ்கட்டி மாதிரி இருக்கு, உறை போட்டுக்கிட்டு வரக் கூடாதோ?”

“எப்ப வந்தா? இப்பவா, முன்னாடியேவா?”

“இப்பத்தான் கதவைத் தொறந்துக்கிட்டு வந்தா. ஏன்டி, அழறியா?”

“இல்ல. சளி.”

போனை வைத்தபோது டைசன் நின்றுகொண்டிருந்தான். மோவாயில் சர்க்கரைப் பாகு ஒட்டியிருந்தது.

“என்ன பண்ணுன நீ?” ‘நீங்க’ போய்விட்டது.

“காலையில நீங்க அந்தம்மாகிட்டச் சொன்னீங்க, எல்லாம் பெட்டகத்துக்குள்ளதான், வெளிய எதுவும் இல்லேன்னு. இப்ப அப்படித்தான் இருக்கு.”

“பாதி கம்பெனி நின்னு போச்சு! பழைய பாஸ்வேர்டைத் திரும்பப் போடு. இப்பவே.”

“போடறேன். குரூப்புல தொங்கவிட்ட பாஸ்வேர்டையே திரும்பப் போடுன்னு ரெண்டு வரி எழுதி அனுப்புங்க. அனுப்பறப்ப அந்தம்மாவுக்கும் ஒரு காப்பி போடுங்க, இன்னும் அடுத்த ரூம்லதான் இருக்காங்க.”

அவன் அடுத்த அறைப் பக்கம் திரும்பினான். கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் ஓபல் செருப்புக் காலை ஆட்டிக்கொண்டு தட்டச்சு செய்துகொண்டிருந்தாள். நிமிரவில்லை.

“உன்னை நான் விட மாட்டேன்” என்றான் பல்லுக்குள்.

“மோவாயில இனிப்பு ஒட்டியிருக்கு” என்றேன்.

சாயங்காலத்துக்குள் நானும் நாச்சோவும் இன்னும் மூன்று பையன்களும் மற்ற சிஸ்டங்களைப் பெட்டகத்தோடு இணைத்துவிட்டோம். ஒரு வாரம் கேட்டிருந்தேன். எல்லாம் செத்துக் கிடந்தால் வேலை வேகமாக நடக்கிறது. போகும் நேரத்தில் டைசனிடமிருந்து எல்லோருக்கும் கடிதம்: பல மாதமாகத் தான் வகுத்துவந்த திட்டப்படி இன்று முழுமையாகப் பெட்டகத்துக்கு மாறிவிட்டோம், ஒத்துழைப்புக்கு நன்றி. தன் திட்டம் என்று எழுதிவிட்ட பிறகு என்னை வேலையைவிட்டுத் தூக்குவது அவனுக்குக் கஷ்டம். அந்த அளவுக்கு நிம்மதி. ஆனால் அந்தக் கடிதத்தைப் படித்தபோது, என் சட்டையை வேறொருவன் வியர்வையோடு போட்டுக் கழற்றித் திருப்பித் தந்தது போல உடம்பு கூசியது.

மறுநாள் காலை குரூப்பைத் திறந்தேன். உச்சியில் புதிய பாஸ்வேர்டு குத்தி வைக்கப்பட்டிருந்தது. அதன் கீழே கட்டைவிரல் தூக்கிய படங்கள் வரிசையாக. பெட்டகத்தின் குறிப்பில் எடுத்தவர் பெயர் இருந்தது. பார்க்காமலே தெரியும்.

“டைசன் சொன்னாருடி” என்றான் நாச்சோ. என் முகத்தைப் பார்க்காமல் காபியைக் கலக்கிக்கொண்டிருந்தான். “திங்கக்கிழமை வரைக்கும்தானாம். பசங்களுக்குச் சுலபமா இருக்கட்டும்னு.”

“நேத்து சாயங்காலம் வரைக்கும் என் பக்கத்துல உக்காந்து வேலை செஞ்சவன்டா நீ.”

“அதுவும் அவர் சொல்லித்தான் செஞ்சேன்.”

அதற்குமேல் அவனிடம் பேச என்ன இருக்கிறது? நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு மறுபடி கன்டெய்னருக்குள் நுழைந்தேன். பெட்டகத்துக்கு இன்னொரு வேலையும் தெரியும். வசந்தத்தில் அதைக் காட்ட நான் துணியவில்லை, அப்போதே கத்துவார்கள் என்று. ஒரே பாஸ்வேர்டை எல்லோருக்கும் கொடுக்காமல், கேட்கிறவருக்குக் கேட்கும்போது புதிதாக ஒன்றைச் செய்து கொடுக்கும். ஒரு மணி நேரத்தில் அது தானாகச் செத்துவிடும். அதைப் போட்டுவிட்டு, குத்தி வைத்ததைக் கொன்றேன்.

குரூப்பில் கூச்சல். நாச்சோ புதிதாக ஒன்றை எடுத்து ஒட்டினான். கட்டைவிரல்கள் வந்தன. ஒரு மணி நேரத்தில் அது செத்தது. இன்னொன்று ஒட்டினான். அதுவும் செத்தது. மதியத்துக்குமேல் என் மேசைக்கு வந்து நின்றான்.

“ஏன்டி இப்படிச் சாகடிக்கிற எங்களை? ஒட்டி வச்சா நிக்கவே மாட்டேங்குது.”

“வெளிய வச்ச கறி நாறும்டா. ஆலைக்காரன் மகன் உனக்கு நான் சொல்லணுமா?”

“பெரிய இவ” என்று முணுமுணுத்துவிட்டுப் போனான். போய், இன்னொன்றை ஒட்டினான்.

இப்போது வரவேற்பறைச் சுவரில் ஆடிட் சான்றிதழ் சட்டம் போட்டுத் தொங்குகிறது. பொறுப்பாளர் டைசன் ஆபர்நேத்தி. ஓபல் ஜேடனின் கையெழுத்து குண்டு குண்டாக, அழகாக இருக்கிறது. குரூப்பில் செத்த பாஸ்வேர்டுகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்து கிடக்கின்றன, கட்டைவிரல்களோடு. யாரும் அவற்றை அழிக்கவில்லை. ஒட்டுவது மட்டும் குறைந்திருக்கிறது. வெட்கத்தால் இல்லை, சலித்துப்போய்.

கிடந்து நாறட்டும் என்று நானும் விட்டுவிட்டேன்.